இரண்டு காதும் சரி

பக்கத்துப் பண்ணைக் கிழவர் ஸிக்வால்டி ரப்பர் பூட்ஸைக் கழற்றாமல் அடுக்களைக்குள் வந்து நின்றார். அப்போதே ஹெர்தீஸுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அந்தப் பள்ளத்தாக்கில் காலணியை வாசலில் விடாமல் வீட்டுக்குள் வருகிறவன் ஒன்று சவம் தூக்க வந்தவனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சண்டைக்கு வந்தவனாக இருக்க வேண்டும். வீட்டில் சாவு எதுவும் இல்லை.

"இரியும் வே," என்றான் ஹெர்தீஸின் புருஷன் பெர்குர். "காப்பி சூடா இருக்கு."

"காப்பி குடிக்க வரல. என் பங்கு எங்க?"

"அனுப்பிட்டேம்லா. வெள்ளிக்கிழமையே போயாச்சு."

"போயாச்சு, சரி. வரலியே."

ஹெர்தீஸ் ருபார்ப் தண்டு போட்டு ஜாம் கிண்டிக்கொண்டிருந்தாள். அடிப்பிடித்தால் பிடிக்கட்டும் என்று அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். புருஷனின் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். ஸிக்வால்டியைப் பார்க்கவில்லை. ஏன் அப்படிப் பார்த்தோம் என்று பிற்பாடு அவளுக்கே சங்கடமாக இருந்தது.

கால்டா ஓடை ஸிக்வால்டியின் மேட்டு நிலத்தில் பிறந்து, பெர்குரின் நிலத்தில் வந்து விழுகிறது. விழுகிற இடத்தில் அந்தக் காலத்திலேயே இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து சின்ன மின்சாரக் கொட்டகை ஒன்று கட்டியிருந்தார்கள். தண்ணீர் அவருடையது, பள்ளம் இவனுடையது. பெர்குரின் தங்கை ஸ்வாலாவுக்கும் அப்பன் வழியில் ஒரு பங்கு உண்டு. வீட்டு விளக்குக்கும் பால் குளிரூட்டிக்கும் போக மிச்ச மின்சாரம் சும்மா போய்க்கொண்டிருந்தது. அதை முகர்ந்துகொண்டு ஒரு டச்சுக்காரன் வந்தான். பெர்குரின் பழைய ஆட்டுக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, கூரைவரை கணினி இயந்திரங்களை அடுக்கினான். அவை ராப்பகலாக இரைந்துகொண்டே கணக்குப் போடும். அந்தச் சூட்டில் கொட்டகைக் கூரையில் மட்டும் பனி தங்காது. அவன் மின்சாரத்துக்குக் கொடுப்பது ஊர்க்காசான குரோனா இல்லை, இணையத்தில் மட்டும் கைமாறும் டாலர் டோக்கன். 'மூணு பேருக்குத் தனித்தனியா அனுப்ப நமக்கு நேரமில்ல' என்று எல்லாவற்றையும் பெர்குருக்கே அனுப்பிவிடுவான். பெர்குர் பிரித்து அனுப்ப வேண்டும். இந்தக் காலாண்டில் முதலில் ஸிக்வால்டிக்கு அனுப்பினான். ஸ்வாலாவின் பங்கும் இவர்கள் பங்கும் இன்னும் அவனுடைய இணையப் பணப்பையான வாலட்டிலேயே கிடந்தன.

"இந்தா பாரும்," என்று பெர்குர் அடுக்களை மேசையில் கிடந்த டேப்லெட்டைத் திறந்து நீட்டினான். ஈற்றுக் கணக்கும் ஆட்டுக் கணக்கும் அதில்தான், வாலட்டும் அதில்தான். "பச்சை டிக் விழுந்திருக்கா? இது உம்ம முகவரிதானே?"

ஸிக்வால்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். வாலட் முகவரி என்பது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளக் கயிறு. திரையில் அதன் தலையில் நாலு எழுத்தும் வாலில் நாலு எழுத்தும்தான் தெரியும், நடுவில் மூன்று புள்ளி. தன் போனில் இருப்பதோடு ஒத்துப் பார்த்தார். தலையும் அவருடையது, வாலும் அவருடையது.

"ஆமா. என்னுதுதான்," என்றார், மென்று விழுங்கி.

"பின்ன என்ன வே? ஆட்டுக் காதுல வெட்டுக்குறி பாக்கற மாதிரிதான், ரெண்டு காதும் சரியா இருக்கு. ஆடு உம்ம பட்டிக்கு வந்தாச்சு. வாங்கிட்டு வாங்கலன்னு சொல்லுதீரா?"

"ஏய். நான் வாங்கிட்டு வாங்கலன்னு சொல்லுத ஆளா? என் பட்டியில ஆடு இல்லங்கேன். நீரு காதைக் காட்டுதீரு." கிழவரின் கழுத்து நரம்பு புடைத்தது. "இந்தக் கோடையில மழை என் வைக்கோலை அழுக வச்சதை நீரு பாத்தீரா இல்லியா? வெளிய வாங்கித்தான் ஆடுகளுக்குப் போடணும். அதுக்கு வச்சிருந்த காசு இது. வரலன்னா பாதி ஆட்டை அறுப்புக்கு அனுப்பணும். சனிக்கிழமை ஆடு பிரிக்கிறவரைக்கும் பொறுப்பேன். ஞாயித்துக்கிழமை மதகை அடைச்சிருவேன். அப்புறம் உம்ம டச்சுக்காரனும் இருட்டுல இருக்கட்டும், நீரும் இருட்டுல இரியும்."

"அடைச்சா உமக்கும்தான் இருட்டு."

"நான் மெழுகுவத்தியில பொறந்தவன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சேறு மட்டும் தரையில் நின்றது.

பெர்குர் உட்கார்ந்துவிட்டான். "கிழட்டு நரி. ரெண்டாவது தடவை வாங்கப் பாக்கான்."

ஹெர்தீஸ் துணியை எடுத்துச் சேற்றைத் துடைத்தாள். ஸிக்வால்டியை அவளுக்குத் தெரியும். வாய் அழுகல், பிடிவாதம், பொறாமை எல்லாம் உண்டு. ஆனால் அடுத்தவனின் குட்டி ஒன்று தன் மந்தையில் கலந்துவிட்டால் கொட்டும் பனியிலும் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு, 'வேலிய ஒழுங்கா கட்டும்' என்று நாலு வார்த்தை வைதுவிட்டுப் போகிற ஆள். அந்த மனுஷன் டோக்கனுக்காகப் பொய் சொல்லுவாரா? சொல்ல மாட்டார்.

அப்படியானால் பொய் சொல்வது யார்?

அவளுடைய புருஷனும் பொய் சொல்ல மாட்டான். ஆனால் சொல்லாமல் இருப்பான், அதில் அவன் கெட்டிக்காரன். இந்த வசந்தத்தில், குட்டி விற்று வைத்திருந்த பணத்தை நாய் முகம் போட்ட ஏதோ ஒரு இணையக் காசில் போட்டு, அது சரிந்து, அவன் அதை மூச்சுவிடாமல் வைத்துக்கொண்டிருந்தான். வங்கிக்காரி போன் போட்டுத்தான் ஹெர்தீஸுக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவள் கேட்டாள், 'ஏன் சொல்லல?' அதற்கு அவன், 'நீ கேக்கலியே' என்றான். அந்தப் பதில் அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது, இன்னும் எடுபடவில்லை.

"நெசமாவே அனுப்பினியா?" என்று கேட்டுவிட்டாள்.

"நீயுமா?"

"கேட்டாத்தானே நீ சொல்லுவ."

அவன் எழுந்து வெளியே போனான். டச்சுக்காரன் கொட்டகைப் பக்கம் போய் இரைச்சலுக்கு நடுவில் நிற்பது ஜன்னலில் தெரிந்தது. அங்கே நின்று பேசினால் என்ன பேசுகிறான் என்று யாருக்கும் கேட்காது என்பதும் அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் வேலிக் கம்பி வாங்கி வருகிறேன் என்று டவுனுக்குப் போனான். சாயங்காலம் வெறுங்கையோடு வந்தான். கோட்டைக் கழற்றுகிறபோதே கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"கம்பி எங்க?"

"இருப்பு இல்லையாம்."

ஹெர்தீஸ் தட்டில் மீனை எடுத்து வைத்தாள். மத்தியானமே அவள் பண்ணைக் கடைக்குப் போன் போட்டிருந்தாள், கம்பியோடு ஆணியும் சேர்த்து வாங்கச் சொல்லலாம் என்று. 'பெர்குரா? இன்னைக்கு இந்தப் பக்கமே வரலியே. கம்பியா? மலை மாதிரி கிடக்கு' என்று கடைக்காரி சொல்லியிருந்தாள்.

தட்டில் வைத்த மீனை அவன் கிளறிக்கொண்டிருந்தான். உருளைக்கிழங்கைத் தோலோடு தின்றான். அவன் தோலோடு தின்றால் மனசு இங்கே இல்லை என்று அர்த்தம். எங்கே இருக்கிறது? டவுனில் யாரைப் பார்த்தான்? இருந்த காசை எங்கே கொண்டுபோய்க் கொட்டினான்? மிச்சமிருக்கும் காசையும் கொட்டப் போகிறானா? கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒன்றையும் அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவனுடைய வியாதி அவளுக்கும் தொற்றிக்கொண்டது போலிருந்தது.

வியாழக்கிழமை விடிகிறபோது ஆண்கள் குதிரையேறி மலைக்குப் போனார்கள். கோடை முழுக்க மேலே அவிழ்த்துவிட்ட ஆடுகளை ஓட்டிக்கொண்டு இறங்க இரண்டு நாள் ஆகும். புகை போட்ட ஆட்டுக்கறி, தட்டை ரொட்டி, உலர்ந்த மீன், ஒரு பொட்டலம் வெண்ணெய் என்று சேணப்பையில் கட்டிக்கொடுத்தாள். மலையுச்சியில் புதுப்பனி விழுந்திருந்தது. பெர்குர் குனிந்து அவள் கன்னத்தில் முத்தமிட்டான். அவளும் கன்னத்தைக் காட்டினாள்.

குதிரைச் சத்தம் அடங்கியதும் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு டேப்லெட்டின் முன் உட்கார்ந்தாள். பூட்டெண் அவனுடைய மந்தைக்கு முன்னால் நடக்கிற பெண்ணாட்டின் காதுவில்லை எண். அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு மந்திரம் தேவைப்படவில்லை. வாலட் திறந்தது. இரண்டு பங்கும் அப்படியே இருந்தன. இன்னும் எடுக்கவில்லை. 'இன்னும்' என்றுதான் அவள் மனசு சொன்னது.

ஸ்வாலாவுக்குப் போன் போட்டாள். ஸ்வாலா டவுனில் அறுப்புக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். சீசன் நேரம், பின்னால் ஒரே இரைச்சல்.

"என்ன ஹெர்தீஸ், ஆடு அதுக்குள்ள இறங்கிருச்சா?"

"இல்ல. ஒன் வாலட் முகவரியைச் சொல்லு. ஒவ்வொரு எழுத்தா சொல்லு."

"எதுக்கு?"

"இங்க இருக்கறதை எல்லாம் ஒங்கிட்ட அனுப்பி வைக்கேன். ஒன் பங்கு, எங்க பங்கு, எல்லாம். ஒங்கிட்ட இருக்கட்டும்."

அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம். இரைச்சல் குறைந்தது. பிறகு எழுத்தெழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தாள். ஹெர்தீஸ் முழுக் கயிற்றையும் தலையிலிருந்து வால்வரை ஒப்பித்துக் காட்டினாள். முதலில் ஒரு துளி அனுப்பி, வந்துவிட்டதா என்று கேட்டாள். வந்தது என்றதும் மிச்சத்தையும் அனுப்பினாள். அனுப்பி முடித்ததும் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தாள். தன் வீட்டிலேயே களவெடுத்த மாதிரி இருந்தது. கூடவே ஒரு நிம்மதியும் இருந்தது, அதை இல்லையென்று சொல்ல முடியாது.

சனிக்கிழமை ஆடு பிரிக்கும் திடல். வண்டிச்சக்கரம் போலக் கல்லால் கட்டியது. நடுவட்டத்தில் ஊர் ஆடெல்லாம் அடைபட்டுக் கத்தும். சுற்றிலும் வீட்டுக்கொரு பட்டி. ஆட்டைக் கொம்பைப் பிடித்துக் கால்களுக்கு நடுவில் இடுக்கி, வலது காது வெட்டைப் பார், இடது காது வெட்டைப் பார், யார் ஆடோ அவர் பட்டிக்குள் தள்ளு, அடுத்ததைப் பிடி. பெர்குருக்கு வட்டாரத்துக் காதுக்குறி அத்தனையும் மனப்பாடம். இருபது பேர் பிடிப்பதை ஒருவன் பிடிப்பான். வழக்கமாக அவனைச் சுற்றிச் சிரிப்பும் பாட்டும் இருக்கும். பிராந்திக் குப்பி கைமாறும். இந்த வருஷம் குப்பி அவனைத் தாண்டிப் போயிற்று. ஸிக்வால்டி எல்லாரிடமும் சொல்லிவிட்டார் என்பது தெரிந்தது.

ஸிக்வால்டியின் ஆடொன்றை பெர்குர் பிடித்து அவர் பட்டிக்குள் தள்ளினான். கிழவர் அதைத் திரும்பப் பிடித்து, அவன் கண்ணெதிரே இரண்டு காதையும் மடக்கிப் பார்த்தார். பிறகு வாலைத் தூக்கிப் பார்த்தார். பல்லைப் பார்த்தார்.

"என்ன வே பண்ணுதீரு?"

"நீரு அனுப்பற சரக்கு. நடுவுலயும் பாத்துக்கிடணும்லா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெர்குர் சிரிக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றான். பிறகு சட்டென்று கையுறையைக் கழற்றிவிட்டு, திங்கட்கிழமையே டேப்லெட்டிலிருந்து போனுக்கு எடுத்து வைத்திருந்த வரவுசெலவுப் பட்டியலைத் திறந்தான். "நடுவுல," என்றான். "வே, இங்க வாரும். உம்ம போனையும் எடும். முழுசாத் திறந்து வாசியும்."

இரண்டு பேரும் கல்சுவரில் உட்கார்ந்தார்கள். ஒருவர் வாசிக்க, மற்றவன் விரல் வைத்துக்கொண்டே வந்தான். காப்பிக் கூஜாவோடு வந்த ஹெர்தீஸ் பக்கத்தில் நின்றாள். தலை நாலும் சரி. ஐந்தாவது எழுத்தே வேறு. அதிலிருந்து கடைசி நாலுக்கு முந்தினது வரைக்கும் எல்லாமே வேறு.

"இது யாரு முகவரி?" என்றார் ஸிக்வால்டி.

"தெரியலியே. இங்க பாரும், போன மாசம் இதுலருந்து எனக்கு ஒரு துளி வந்திருக்கு. காசுக்கும் கணக்குக்கும் சேராத துளி. நீருதான் சோதிச்சுப் பாக்குதீருன்னு நெனச்சேன். பட்டியல்ல மேலாக்க அதுதான் இருந்துச்சு. அதையே தொட்டுக் காப்பி பண்ணிட்டேன். தலையும் வாலும் பாத்தேன், ரெண்டும் சரி." அவன் போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினான். "எவனோ நான் உமக்கு அனுப்பறதைப் பாத்துக்கிட்டே இருந்து, உம்மது மாதிரியே காது வெட்டி ஒரு ஆட்டை எங்கிட்ட அனுப்பியிருக்கான். நான் மந்தையையே அவன் பட்டிக்கு ஓட்டிவிட்டுட்டேன்."

"அந்த எவனோ நீரா இருந்தா?"

"நானா இருந்தா செவ்வாக்கிழமை எதுக்கு வே போலீஸுக்குப் போவேன்? ரெண்டு மணி நேரம் பெஞ்சில உக்காந்திருந்தேன். அந்தப் பொண்ணு எழுதி வாங்கிட்டு, 'கொஞ்சம் கஷ்டம்தான்'னு சொல்லி அனுப்பிட்டா. வெக்கமா இருந்துச்சு, வீட்டுல கூடச் சொல்லல. என் பங்கை எடுத்துக்கிடும். நாளைக்கே அனுப்புதேன். மதகை மட்டும் அடைக்காதேயும்."

ஸிக்வால்டி மூக்குப்பொடியை எடுத்துப் புறங்கையில் போட்டு உறிஞ்சினார். நம்பினாரா இல்லையா என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. "நாளைக்குச் சாயங்காலம் வரை," என்றார். "நாலு எழுத்தைப் பாத்து அனுப்பாதேயும்."

ஹெர்தீஸ் காப்பியை ஊற்றினாள், பாதி கல்லில் சிந்தியது. கம்பிக் கடைக்குப் போகாதவன் போலீஸுக்குத்தான் போயிருக்கிறான். அவன் முகம் தாழ்ந்தது வெட்கத்தால்தான். நாளைக் காலையில் ஸ்வாலாவுக்குப் போன் போட்டு, எல்லாவற்றையும் திரும்ப வாங்கி, இருந்த இடத்தில் சத்தமில்லாமல் வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். அவன் வாலட்டைத் திறப்பதற்கு முன்னால் செய்துவிட்டால் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை புதுக்கறி சூப். கறியும் டர்னிப்பும் கேரட்டும் போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டு, பெர்குர் ஆட்டுக் கொட்டகைக்குப் போன நேரம் பார்த்து ஸ்வாலாவுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. சீசன், ஞாயிற்றுக்கிழமையும் வேலை. நுரையை வழித்தாள். மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

கதவு திறந்தது. பெர்குர் பூட்ஸைக் கழற்றாமல் உள்ளே வந்தான். மேசையில் கிடந்த டேப்லெட்டை எடுத்துத் திறந்து பார்த்தான். திரும்ப வைத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஹெர்தீஸ். நீ கேக்கறதுக்கு முன்னால நானே சொல்லிருதேன்."

"என்ன?"

"புதன்கிழமை ராத்திரி ஒரு இடத்துல எழுதிப் போட்டிருந்தேன், அனுப்பின காசு போய்ச் சேரல, கண்டுபிடிக்க வழி இருக்கான்னு. நம்பரும் போட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை மலையில சிக்னல் கிடைச்ச இடத்துல ஒருத்தன் கூப்பிட்டான். மீட்டுக் குடுக்கறதுதான் அவன் தொழிலாம். ரொம்பத் தன்மையாப் பேசினான். என் சொந்த அண்ணன் கூட அப்படிப் பேச மாட்டான். இப்ப திரும்பக் கூப்பிட்டான். வாலட்டுக்குச் சாவியான பன்னெண்டு வார்த்தையைச் சொன்னாத்தான் போனதைப் பின்னால போய்ப் பிடிக்க முடியும்னான். காதுக்குறி மாதிரி மனப்பாடமா இருந்துச்சு." அவன் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "சொல்லிட்டேன். பன்னெண்டையும் சொல்லிட்டேன். சொல்லி முடிச்ச பெறகுதான் உறைச்சது. வாலட்டுல ஒண்ணுமே இல்ல. துடைச்சு எடுத்துட்டான். ஸிக்வால்டிக்குக் குடுக்க வச்சிருந்தது, ஸ்வாலாவோடது, எல்லாம் போச்சு. நான் ஒரு மடையன், ஹெர்தீஸ். சாயங்காலம் கிழவன் மதகை அடைச்சிருவான்."

ஐம்பது வயது ஆள், மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் தானாக ஒன்றைச் சொல்லியிருக்கிறான் என்றால் அது இன்றைக்குத்தான். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஸ்வாலாவிடம் பேசி ஏதாவது ஒரு கதை கட்டலாம். ஆனால் அவன் தோள் குலுங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அழாத. காசு போகல."

அவன் தலையைத் தூக்கினான்.

"காசு ஸ்வாலாகிட்ட இருக்கு. நான்தான் அனுப்பி வச்சேன். அவன் பன்னெண்டு வார்த்தையோட வெறும் பட்டியைத்தான் திறந்து பாத்திருப்பான். மூணு பங்குல ரெண்டு பங்கு பத்திரமா இருக்கு. ஸிக்வால்டிக்கு இன்னைக்கே குடுத்துரலாம்."

பெர்குர் அவளையும் டேப்லெட்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சிரித்தான். கண்ணீரும் மூக்குமாகச் சிரித்தான். எழுந்து வந்து அவளை இறுகக் கட்டிக்கொண்டான். கம்பளிச் சட்டையில் ஆட்டு வாடை. "என் தாயே," என்றான். "அந்தத் திருட்டுப் பய வாயில மண்ணு. நீ இல்லன்னா இன்னைக்கு நான் ஆத்துல விழுந்திருப்பேன். எப்படித் தெரிஞ்சது உனக்கு? எப்ப மாத்தின?"

"வியாழக்கிழமை."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் கை தோளில் அப்படியே இருந்தது. சூப்பு கொதித்து மூடியைத் தட்டியது. அவள் அடுப்பைக் குறைக்கிற சாக்கில் விலகினாள்.

"அவன் வெள்ளிக்கிழமைதானே கூப்பிட்டான்," என்றான் பெர்குர், மெதுவாக.

"ஆமா."

"வியாழக்கிழமை அப்படி ஒருத்தன் இருக்கான்னு எனக்கே தெரியாதே."

அவள் கரண்டியால் கறியைத் தள்ளிவிட்டாள். வெந்திருந்தது. தள்ள வேண்டிய அவசியமில்லை.

பெர்குர் நாற்காலியில் உட்கார்ந்தான். குனிந்து பூட்ஸைக் கழற்றினான். இரண்டையும் சேர்த்து வாசல் பக்கம் வைத்துவிட்டு வந்தான். கோபமாக இருந்தால் அவளுக்கு நல்லதாக இருந்திருக்கும். கோபமாகத் தெரியவில்லை.

"ஸ்வாலாகிட்ட என்னன்னு சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. ஒங்கிட்ட இருக்கட்டும்னேன்."

"எதுக்குன்னு கேட்டாளா?"

"மொதல்ல கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"சொன்னேம்லா. ஒங்கிட்ட இருக்கட்டும்னேன்."

"அப்புறம்?"

ஹெர்தீஸ் இரண்டு கிண்ணங்களை எடுத்து வைத்தாள். சூப்பை ஊற்றினாள். அவனுடையதில் எலும்புக்கறியைப் பார்த்துப் போட்டாள்.

"அப்புறம் கேக்கல," என்றாள். "எழுத்தைச் சொல்ல ஆரம்பிச்சுட்டா."